காலரில் இரண்டு கோடு

"கை வைக்காதீங்க!"

டாக்டர் ஜெயராஜ் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த நோயாளி ஒருவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்து கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். நான் எட்டிப் பார்த்து, "உங்களை இல்லண்ணே, நீங்க நல்லா பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன்.

பல் படம் எடுக்கும் அறையின் மேசைமேல் பழைய ராணுவச் சட்டை ஒன்று விரிந்து கிடந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த முரட்டுக் கம்பளி. காலரின் இரண்டு முனைகளிலும் விரல் நீளத்துக்கு ஒரு சின்னம், ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாக இரண்டு கோடுகள். அதைத் தடவிப் பார்க்கப் போன அந்தோணி அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

"தொட்டா என்ன டாக்டர், கடிச்சிடுமா?"

"அது கடிக்காது. உங்க விரல்ல இருக்கிற எண்ணெய் அதைக் கடிக்கும் லா. எண்பது வருஷம் தாக்குப்பிடிச்ச துணி. இந்தாங்க, இதைப் போட்டுக்குங்க" என்று பல் பிடுங்கும்போது போடுகிற நீலக் கையுறைப் பெட்டியை நீட்டினார்.

நான், அந்தோணி அண்ணன், ரோஸ்மேரி அக்கா மூவரும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டோம்.

அந்தோணி அண்ணன் ரெங்கம் பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலின் குழுத் தலைவர். ரோஸ்மேரி அக்கா அதே கோயிலைச் சேர்ந்தவர். பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தார்கள்.

இந்தச் சட்டையைப் போட்டிருந்தவர் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் டாக்டரின் பைத்தியம்

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் டாக்டரைத் தெரியும். பல் மருத்துவமனை முகப்பு மேசையில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, "என்னைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதேன் மாலா" என்று நச்சரிப்பவர். இந்த வாரம் எழுதுகிறேன் டாக்டர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

மனிதருக்குப் பாதி மூளை பல்லில், மீதி மூளை இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவத்தின் காலரில். வாயில் பஞ்சை அடைத்து ஆளைப் படுக்கவைத்துவிட்டு, "காலாட்படைன்னா கோட்டுக்கு நடுவுல வெள்ளை, பீரங்கிப் படைன்னா சிவப்பு, மருத்துவப் பிரிவுன்னா நீலம்" என்று ஆரம்பிப்பார். பாவம், அவர்களால் "ஆ... ஆ..." என்றுதான் சொல்ல முடியும். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பேசுவார்.

"அந்தப் பிணச் சட்டையெல்லாம் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டதால், சேகரிப்பு முழுவதும் மருத்துவமனை அலமாரியில்தான் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் கம்பளி பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அலமாரிக்குப் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடுகிறது. அதில் சேரும் தண்ணீரைத் தினமும் கொண்டுபோய்க் கொட்டுவது யார்? வேறு யார், நான்தான்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "உலகத்துல வேற துணியே கிடைக்கலையா டாக்டர்? போயும் போயும் இந்தக் கொலைகாரப் பசங்க சட்டையா?"

வழக்கம்போல் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க பெரியப்பாவைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போனான் மாலா. அவரும் வரல, அவரு சட்டையில இருந்த ஒரு பட்டன்கூட வரல. 'எங்கண்ணன் எங்க செத்தாரு'ன்னு அப்பா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஜெர்மன்காரன் பக்கம் பாரு, காலர்ல ஒரு கோட்டை வச்சு எந்தப் படை, எந்தக் காலம்னு சொல்லிடறாங்க. அதை முதல்ல ஒரு புத்தகத்துல பார்த்தப்போ எனக்கு வயிறு எரிஞ்சிச்சு."

அதற்குப் பிறகு தண்ணீர் கொட்டும்போது நான் முணுமுணுப்பதில்லை.

சுவரில் தொங்கும் போலி

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும்.

எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. உள்ளே வெள்ளிச் சரிகையில் ஓர் அதிகாரியின் காலர்ச் சின்னம். அது தபாலில் வந்த அன்று டாக்டருக்குக் கால் தரையில் படவில்லை. "கையால பின்னின சரிகை மாலா, அசல்!" என்று என் மேசைமேல் வைத்தார். நான் அப்போது கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டு வைத்திருந்தேன். அந்த வெளிச்சம் பட்டதும் சின்னத்தின் நூல் பளீரென்று நீலமாக மின்னியது.

டாக்டர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அலமாக்! ஏமாந்துட்டேன்! போருக்குப் பிறகு வந்த நூல்தான் இப்படி மின்னும். அந்தக் காலத்து நூல் மின்னவே மின்னாது."

வேறு ஆளாக இருந்தால் கமுக்கமாக உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார். இவர் அதற்குச் சட்டம் போட்டு, "இது போலி, வாங்கிய முட்டாள் நான்" என்று கீழே எழுதி, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டிவிட்டார். எனக்கு இந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதிலிருந்து அந்த ஊதா விளக்கு பாதி நேரம் அவர் அறையில்தான் இருக்கிறது.

கூரைக்கு மேல் கிடைத்தது

கோயிலை ஒட்டிய பழைய சாமியார் வீட்டுக்குக் கூரை மாற்றும்போது, மேலே ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. ஃபாதர் மார்ட்டினின் பெட்டி. அந்தப் பக்கமெல்லாம் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் வந்தவர் அவர். தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய்த் தமிழ் கற்றுக்கொண்டு, தமிழிலேயே பூசை வைத்து, அங்கேயே இறந்து, கோயிலுக்குப் பின்னாலேயே அடக்கம் செய்யப்பட்டவர். ஊர்க்காரர்களுக்கு அவர் "பிரெஞ்சு சாமியார்". புதிதாகக் கட்டிய மண்டபத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

பெட்டியைத் திறந்தால், உள்ளே ஜெர்மன் ராணுவச் சட்டை!

யாரோ காலரைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "ரெண்டு கோடு பாருங்க. இது எஸ்.எஸ்.ங்கிற கொலைகாரப் படை. நம்ம ஃபாதர் ஹிட்லரோட ஆளு." அவ்வளவுதான், அது பண்டார் தெங்காராவிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம். மண்டபத்தில் அந்தப் பெயர் இருப்பதா, எடுப்பதா என்று அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும்.

அந்தோணி அண்ணனுக்கு மண்டபத்துக் கவலை. ரோஸ்மேரி அக்காவுக்கு அது பெரிதில்லை. தோட்டத்தில் பெற்றவர்கள் இருவரும் இறந்துபோன பிறகு, குழந்தையாக இருந்த அவரைக் கன்னியர் விடுதியில் சேர்த்து வளர்த்தவர் ஃபாதர் மார்ட்டின். நர்ஸ் படிக்க அனுப்பியதும் அவர்தான். கல்யாணத்தன்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தியதும் அவர்தான்.

"அப்பா மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்க டாக்டர்," என்றார் அக்கா. "மாதிரி எல்லாம் இல்ல. அப்பாதான். அவரு கெட்டவருன்னா கெட்டவருன்னே சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன். ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லாதீங்க."

சொன்ன கையோடு, வாங்கி வந்த ஓண்டே ஓண்டே இனிப்பு டப்பாவைத் திறந்து அண்ணனிடம் நீட்டினார். இடது கையால் நீட்டினார். அண்ணன் வாங்கத் தயங்கியதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார்.

"சாரி லா. எனக்கு இதுதான் கை. சின்ன வயசுல சிஸ்டருங்க அடிச்சுக்கூடப் பார்த்தாங்க, மாறல. ஃபாதர்தான் வந்து, விடுங்க, அவ கை அதுதான்னு சொன்னாரு."

"தின்பண்டம் வெளியே! வெளியே!" என்று டாக்டர் மறுபடி கத்தினார். இனிப்பு என் மேசைக்குப் போனது.

கோடு சொன்னது

பல்லில் ஓட்டை தேடும்போது போடுகிற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டர் குனிந்தார். பேச்சே இல்லை. நோயாளிகளுக்கு ஒரு நாளும் கிடைக்காத அமைதி அது.

"முதல் விஷயம். இது எஸ்.எஸ். இல்ல" என்று நிமிர்ந்தார். "அவங்களுக்குக் கறுப்புத் துணி, அதுல மின்னல் வெட்டின மாதிரி ரெண்டு எழுத்து, அதுவும் ஒரு பக்கக் காலர்லதான். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, நேர்க்கோடு. சாதாரண ராணுவ வீரனோட சின்னம். இதுக்கு லிட்சன்னு பேரு. லட்சக்கணக்கான பேரு போட்டிருந்தது."

அந்தோணி அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்ப நல்லவரு!"

"அவசரப்படாதீங்கண்ணே. ராணுவத்துல இருந்தவன் எல்லாம் நல்லவன்னு நான் சொல்லல. அவங்களும் செய்யக்கூடாததெல்லாம் செஞ்சாங்க. எஸ்.எஸ். இல்லன்னு மட்டும்தான் சொன்னேன்."

அண்ணன் முகம் வாடியது. எனக்கே டாக்டர்மேல் கோபம் வந்தது, நல்ல வார்த்தை ஒன்று சொன்னால்தான் என்ன என்று. ஆனால் அக்கா தலையை ஆட்டினார். "சரி. மேல சொல்லுங்க."

டாக்டர் அலமாரியிலிருந்து மூன்று காலர்களை எடுத்து வரிசையாக வைத்தார். முதலாவது, போருக்கு முந்தியது: காலரே கரும்பச்சை, கோடுகளுக்கு நடுவில் அந்தந்தப் பிரிவின் நிறம். அடுத்ததில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாகக் கரும்பச்சைக் கோடு. மூன்றாவதில் பச்சையே போய்விட்டது. சாம்பல் காலர், எலி நிறத்தில் கோடு, கீழே தனியாக அடித்துணி கூட வைக்காமல் நேராகக் காலரிலேயே தைத்தது. போர் நீள நீள எல்லாம் சிக்கனமாகிவிட்டது என்றார்.

ஃபாதரின் காலர் அந்த மூன்றாவது மாதிரி அப்படியே இருந்தது.

"பழைய சின்னம் புதுச் சட்டையில வரலாம், ஸ்டாக் இருந்தா தீர்க்கணும் இல்லையா. ஆனா புதுச் சின்னம் பழைய காலத்துக்குப் போக முடியாது. பாக்கெட்டும் பாருங்க, மடிப்பு இல்ல, மூடி நேரா வெட்டியிருக்கு. அதுவும் பின்னாடி வந்ததுதான். போர் பாதிக்கு மேல ஓடின பிறகு தைச்ச சட்டை இது." அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, அவரு பிரான்சுல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பேரு வாயில நுழையாது. எல்லையில இருக்கு. புகைக்கூண்டு மேல நாரை வந்து கூடு கட்டும்னு சொல்வாரு. வீட்டுல பேசறது ஜெர்மன் மாதிரி ஒரு பாஷைன்னு சொல்வாரு."

"அல்சாஸ்" என்றார் டாக்டர், மெதுவாக. "அந்தப் பகுதியை ஜெர்மன்காரன் பிடிச்சு, போர் பாதி ஓடின பிறகு அங்க இருந்த பையன்களை எல்லாம் கட்டாயமா ராணுவத்துல சேர்த்தான். வரமாட்டேன்னா குடும்பத்தையே தூக்கிட்டுப் போவான். இந்தக் காலருக்கும் அந்தக் காலத்துக்கும் பொருந்துது. பொருந்துதுன்னுதான் சொல்றேன் அக்கா. அவரும் அப்படித்தான் போனாருன்னு காலர்ல எழுதல."

"பிடிச்சிட்டுப் போனாங்க..." என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டார். டாக்டரின் பெரியப்பா எனக்கு ஞாபகம் வந்தார். டாக்டருக்கும் வந்திருக்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விளக்கைப் போட்டதும்

அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாக இனிப்பைத் தின்றிருக்கலாம். நிறுத்தினால் அவர் ஜெயராஜா? "மாலா, விளக்கு" என்றார்.

அறை விளக்கை அணைத்து ஊதா விளக்கைக் காட்டினேன். சட்டை இருட்டாகவே கிடந்தது. காலர்ச் சின்னங்களைச் சுற்றி மட்டும், பொடிப்பொடியாக, நூல் நீலமாக மின்னியது.

சுவரில் தொங்குகிற போலி கண்முன் வந்தது.

"போலியா டாக்டர்?"

"இரு." பல்லைக் குத்திப் பார்க்கிற மெல்லிய கம்பியால், நூல் தளர்ந்திருந்த ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போடச் சொன்னார்.

"சின்னம் அசல். சட்டையும் அசல். காலர்ல பழைய மெஷின் தையல் போட்ட ஓட்டை வரிசையா இருக்கு, இந்தச் சின்னத்தோட அளவுக்குச் சரியா இருக்கு. ஆனா அந்த நூலை யாரோ அறுத்து எடுத்திருக்காங்க. சின்னம் இல்லாமலே ரொம்ப வருஷம் இந்தச் சட்டையைப் போட்டிருக்காங்க. எப்படித் தெரியும்னா, சின்னத்துக்குக் கீழ இருக்கிற துணி நிறம் போகாம பளிச்சுன்னு இருக்கணும். இல்ல. அதுவும் மத்த இடம் மாதிரியே வெளுத்திருக்கு."

"போர் முடிஞ்சதும் பிடுங்கிட்டாரு" என்றார் அண்ணன்.

"பிடுங்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கலாம், வெறுத்துப்போயும் பிடுங்கியிருக்கலாம். துணி கிடைக்காத காலம், அதையே வேலைச் சட்டையா நிறைய பேரு போட்டுக்கிட்டாங்க. அது இல்ல விஷயம்." டாக்டர் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "ரொம்ப வருஷம் கழிச்சு யாரோ மறுபடி தைச்சிருக்காங்க. கையால. மின்னற நூல், அதனால போருக்கு வெகு காலம் பிந்தினது. அவரு இங்க வந்த பிறகா இருக்கலாம்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அவரே தைச்சிருக்காரு. பெருமைக்கு வச்சிருந்திருக்காரு. வேண்டாம்னு பிடுங்கினவன் எதுக்கு லா திரும்பத் தைப்பான்?"

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கேடுகெட்ட விளக்கை ஏன் எடுத்துக் கொடுத்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டர் மட்டும் மறுபடி குனிந்திருந்தார். "தையல் சாய்ஞ்சிருக்கிற பக்கம் சரியில்லையே..." என்று முனகினார். தன் காலர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையில் ஊசி இருப்பதுபோல் காற்றில் தைத்துப் பார்த்தார். பிறகு கையை மாற்றித் தைத்துப் பார்த்தார்.

"அக்கா, ஃபாதருக்கு எந்தக் கை பழக்கம்?"

"வலது கை."

"அப்ப இது அவரு தைச்சது இல்ல. இடது கைக்காரங்க தைச்சது."

நாடகச் சட்டை

அக்கா தன் இடது கையைப் பார்த்தார்.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு, பார்த்த மாதிரி இருக்குன்னு வந்ததுல இருந்து நினைச்சேன்" என்றார். "இது நாடகச் சட்டை டாக்டர். ஐயோ, இது எங்க நாடகச் சட்டை!"

ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் அந்தக் கோயிலில் வருஷா வருஷம் நடக்கும். விடுதிப் பெண்கள்தான் உடுப்பு தைப்பார்கள். ஒரு வருஷம், ஏசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவின் சேவகனுக்கு உடுப்பு இல்லை என்று ஃபாதரிடம் போய் நின்றபோது, பெட்டிக்குள்ளிருந்து இந்தப் பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தாராம். அதன் உள்பக்கம் சின்னப் பை ஒன்று இருந்தது. அதற்குள் இரண்டு துணிப் பட்டைகள் சுருட்டிக் கிடந்தன.

"அது எங்க இருந்து வந்ததுன்னு எனக்கு என்ன தெரியும்? காலர்ல பழைய ஓட்டை தெரிஞ்சுது. பிஞ்சு விழுந்திருக்கு, யாரும் தைச்சுக் கொடுக்க ஆள் இல்ல போலன்னு நினைச்சேன். கடையில வாங்கின புது நூலைப் போட்டு, ஃபாதருக்குத் தெரியாம, அவரு பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு தைச்சு வச்சேன்."

ஒத்திகை அன்று சேவகன் மேடையேறியதும் ஃபாதர் எழுந்து வந்தாராம். காலரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வேடம் போட்ட ஆள் பயந்துபோய் வசனத்தை மறந்துவிட்டான். யார் தைத்தது என்று ஃபாதர் கேட்டார். அக்கா இந்தக் கையைத் தூக்கினார்.

"திட்டப்போறாருன்னு நினைச்சேன். முகமெல்லாம் வெளுத்துப்போச்சு அவருக்கு. அப்புறம் என் தலையில கை வச்சாரு. அவரு புத்தகத் தமிழ்தானே பேசுவாரு... 'அழகாகத் தைத்திருக்கிறாய், மகளே'ன்னாரு. நாடகம் முடிஞ்சதும் எல்லா உடுப்பும் நாடகப் பெட்டிக்குப் போச்சு. இதை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. நான் ஏதோ கெடுத்துட்டேன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

டாக்டர் உருப்பெருக்கியோடு இரண்டு சின்னங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தார், ஒவ்வொரு தையலாக.

"ஒண்ணு மட்டும் என்னால உறுதியா சொல்ல முடியும் அக்கா. ஒரு தடவை பிடுங்கினவருக்கு இன்னொரு தடவை பிடுங்க அரை நிமிஷம் போதும். கத்தரி வச்ச அடையாளம் ஒண்ணுகூட இல்ல. அந்த மூலை தானா தளர்ந்தது. நீங்க போட்ட தையல் அத்தனையும் அப்படியே இருக்கு."

அக்கா அழுதார். அடக்கவெல்லாம் இல்லை, வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அந்தோணி அண்ணன் கையுறையோடு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து சொல்லிடுங்க டாக்டர்" என்றார் அண்ணன்.

"காலரைப் பத்தி நான் சொல்றேன். மீதியை அக்கா சொல்லட்டும்" என்றார் டாக்டர். பிறகு தன் சேகரிப்பைத் திரும்பிப் பார்த்தார். "மறுபடி தைச்ச சின்னத்தை சேகரிக்கிற எவனும் சீண்டமாட்டான், கெட்டுப்போன பீஸும்பான். எங்கிட்ட இருக்கிறதுல எதுவும் இதுக்குப் பக்கத்துல வராது லா."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையுறைக் கையைக் காலர்மேல் கொண்டுபோனார். பாதி வழியில் பயந்து டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் எட்டி, அவர் இடது கையிலிருந்த கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினார்.

"தொடுங்க அக்கா," என்றார். "உங்க தையல்தானே."